இஞ்சு டேப்பால் செய்தியை அளந்தவர்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பயிலாதவன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே இருபத்தொன்பது ஆண்டுகள் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். பயணிகள் இருக்கையில் மறந்து சென்ற செய்தித்தாள்களே எனக்குத் தமிழ் கற்பித்தன. இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. நான் செய்த ஒரு தீங்குக்கு அந்தத் தமிழே கருவியாயிற்று என்பதால் தொடக்கத்திலேயே தெரிவித்து விடுகிறேன்.

எழுதப் புகுந்தது கடலூர் முதுநகரில் வாழ்ந்து சென்ற ஆண்டு மறைந்த ஒருவரைப் பற்றி. அவருடைய பெயரை எழுதும் தகுதி எனக்கில்லை. ஊரார் அவரை ஆஸ்திரேலியா பாய் என்று அழைத்தனர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. “அங்க ஒம்பது வருசம் இருந்தேன், இந்தியன்னானுங்க. இங்க வந்து எறங்குனா ஆஸ்திரேலியாங்கறானுங்க. நான் எப்பத்தான் முதுநகர்க்காரன் ஆவறது?” என்று ஒருமுறை கேட்டார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவரை முதலில் கண்டது என் பேருந்தில்தான். முதுநகரில் ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் அமர்ந்து செய்தித்தாளை முழங்காலின் மேல் விரித்தார். சட்டைப் பையிலிருந்து தையற்காரர்கள் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார்களே, அந்த இஞ்சு டேப்பை எடுத்தார். ஒரு செய்தியின் நீளத்தை அளந்தார். பிறகு அகலத்தை. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தார். பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தவாறே நான் கேட்டேன்.

“என்ன பாய், பேப்பருக்குச் சட்ட தைக்கப் போறீங்களா?”

“சட்ட இல்ல கண்டக்டரே. கபன்.”

கபன் என்பது இறந்தவரைச் சுற்றும் வெண்துணி. முன்னிருக்கைகளில் இருந்தோர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பினார். ஒரே நாளில், ஒரே பக்கத்தில் இரண்டு அடிதடிச் செய்திகள். ஓர் ஊர்த் தேரோட்டத்தில் நடந்ததற்கு, ‘இளைஞர்களிடையே வாய்த்தகராறு’ என்று இரண்டு விரற்கடை. மீனவர் குப்பத்தில் நடந்ததற்கு, குப்பத்தின் பெயர், சாதி, படகுத் துறை, முன்பகை என்று முழங்கை நீளம். இரண்டிலும் காயம்பட்டவர் மூவர்.

“அடி ஒண்ணுதான். அளவுதான் வேற,” என்றார். “பாத்தீங்களா, இதுல எங்காளு ஒருத்தனும் இல்ல. இருந்தாலும் அளப்பேன்.”

இதுதான் அவர். காலனி மக்கள், மீனவர், இருளர், இசுலாமியர், யாரைப் பற்றிய செய்தியானாலும் அளந்தார். அளந்து வைத்த தாள்கள் அவர் வீட்டுப் பரணில் அரிசி மூட்டைகளைப்போல் அடுக்கப்பட்டிருந்தன. “இத வெச்சி இன்னா பண்ணப் போறீங்க?” என்று அவர் மனைவி கேட்டதற்கு, “கேக்கறவன் வந்தா காட்டுவேன்,” என்றாராம். கேட்பவர் எவரும் வந்ததாக நான் அறியேன்.

மெல்பர்ன் நகரத்தின் வெளிப்புறத்தில் ஒரு கால்பந்துக் கழகத்தில் புல்தரையைப் பராமரிப்பது அவருடைய வேலையாக இருந்தது. குரோவேஷியாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறிச் சென்றவர்கள் தொடங்கிய கழகம் அது. அந்நாட்டில் புட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் வேறோர் ஆட்டமாம். நாம் ஆடுவதற்குச் சாக்கர் என்று பெயர். அதனை வெளியூரிலிருந்து வந்தவர்களின் ஆட்டம் என்று ஒரு படி கீழே வைத்துப் பேசுபவர்கள் அங்கே உண்டு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் எனக்குப் பலமுறை கூறியிருக்கிறார். கூறும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துகொண்டே போகும்.

“அடிச்சிக்கிட்டானுங்க. இல்லன்னு சொல்லல கண்டக்டரே. செவப்பா ஒண்ணு எரியும், மத்தாப்பு மாதிரி, அதக் கொளுத்திப் போட்டானுங்க. ஒடஞ்ச சேரு அத்தனையும் நான்தான் பொறுக்கினேன். பாக்கவே அசிங்கமாத்தான் இருந்துச்சு. மறுநாளு பேப்பர்ல பாதிப் பக்கம். பழைய ஊருச் சண்டைய இங்க இட்டாந்துட்டானுங்களாம், ரத்தத்துலயே இருக்குதாம். அதே வாரம் அந்த முட்டைப்பந்து மைதானத்துல குடிச்சிட்டு அடிச்சிக்கிட்டானுங்க. ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு. அது மூலையில கெடக்குது. ‘மது அருந்திய சிலர்’. அவ்ளோதான். அவனுங்க அப்பன் பாட்டன் எந்த ஊருன்னு ஒரு வார்த்த இல்ல.”

கழகத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்த ஓர் அம்மையாரிடம் அவர் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார். ஆட்டக்காரர்களின் கிழிந்த சட்டைகளைத் தைத்துக் கொடுப்பவரும் அந்த அம்மையார்தான். அவருடைய மகன் அந்தச் சண்டையை விலக்கப் போய் மூக்குடைந்தவன். அந்தத் தாளின் நிழற்படத்தில் அவன்தான் இருந்தான், மோதலின் தலைவனைப் போல. அம்மையார் அழவில்லையாம். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேசைமேல் வைத்து, “என் மவன் பேரு இவனுக்குத் தெரியல. எங்கப்பன் பொறந்த ஊரு மட்டும் தெரிஞ்சிருக்குது,” என்றாராம். நம்மவர் அந்த டேப்பை எடுத்து, இரண்டு செய்திகளையும் அளந்தார். ஒன்று நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். மற்றது ஐந்தரை. அன்று தொடங்கிய பழக்கம்.

மனைவிக்கு உடல்நலம் குன்றியதால் ஊர் திரும்பியவர், முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய மைதானத்தில் கால்பந்துக் கோடுகள் போடும் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். எவரும் நியமிக்கவில்லை. சுண்ணாம்புப் பொடியும் கயிறும் முளைக்குச்சியும் கொண்டு அவர் போட்ட கோடு, வயலில் கைதேர்ந்தவர் இழுத்த வரப்பைப்போல் நேராக இருக்கும்.

ஒரு பண்பையும் மறைக்காமல் கூற வேண்டும். அவர் தம் பக்கத்தாரிடம் இரக்கம் காட்டாதவர். ஸ்ரீமுஷ்ணத்து அணி ஆட வந்தபோது, முதுநகர்ப் பார்வையாளர்களில் இருவர் தண்ணீர் பாக்கெட்டுகளை அவர்கள்மேல் எறிந்து இழிசொல் கூறினர். அவர் மைதானத்துக்குள் நடந்து சென்று தாம் போட்ட நடுக்கோட்டைக் காலால் தேய்த்து அழிக்கத் தொடங்கினார். ஆட்டம் நின்றது.

“மாமா, ரெண்டு பேருதான் எறிஞ்சானுங்க,” என்று அணித்தலைவன் கெஞ்சினான்.

“நாளைக்குப் பேப்பர்ல ரெண்டு பேருன்னு போட மாட்டான்டா. முதுநகர்னு போடுவான். போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா. அப்பறம் கோடு.”

மன்னிப்புக் கேட்டார்கள். அவர் மண்டியிட்டுக் கோட்டை மீண்டும் போட்டார். ஸ்ரீமுஷ்ணத்தார் கைதட்டினர்.

நான் அக்காலத்தில் சிதம்பரத்தில் ஒரு கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளர். ஆட்டம் முடிந்ததும் செய்திக்குறிப்பு எழுதி நிருபர்களின் கைப்பேசிக் குழுவுக்கு அனுப்புவது என் கடமை. கடமை என்பதைவிட ஆசை என்பதே பொருந்தும். எவ்வளவு சிறிய ஆட்டமானாலும், படை திரண்டது, வாள் சுழன்றது, கோட்டை வீழ்ந்தது என்றே எழுதுவேன். மறுநாள் அது அச்சில் வரும்போது, எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு உடல் சிலிர்க்கும். நம்மவர் அவற்றையும் படித்திருந்தார்.

“கண்டக்டரே, ரெண்டு கோலு போட்டான்னு எழுதக் கூடாதா? பந்தாட்டத்துக்கு எதுக்கு இத்தன படை?”

“அது இலக்கிய நயம் பாய்.”

“ஸ்ரீமுஷ்ணத்துக்காரனப் படைன்னு எழுதினா படிக்கறவன் சிரிப்பான். எங்களப் படைன்னு எழுதினா எவனும் சிரிக்க மாட்டான். பாத்து எழுதுங்க.”

நான் பார்த்து எழுதவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சிதம்பரத்தில் எங்கள் கழகம் நடத்திய போட்டியின் இறுதி ஆட்டத்தில் முதுநகரும் நாங்களும் மோதினோம். ஆட்ட நேரத்தில் சமநிலை. பெனால்டி உதைகளில் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. எங்கள் கடைசி உதையை என் தங்கையின் மகன் உதைத்தான். முதுநகர் கோல்காப்பாளன் அதைத் தடுத்துவிட்டான். அந்தக் கோல்காப்பாளனுக்கு இருபத்து மூன்று வயது. குளிர்பதனப் பொறி பழுதுபார்க்கும் படிப்பு முடித்து, வளைகுடா நாடு ஒன்றில் வேலைக்கு ஆணை பெற்றிருந்தான். ஐந்து வாரத்தில் போய்ச் சேர வேண்டும்.

அவன் பந்தைத் தடுத்ததும் முதுநகர்ப் பார்வையாளர்கள் கயிற்றுக்கு வெளியே நின்றபடி “அல்லாஹு அக்பர்” என்று கூவினர், விசில் அடித்தனர். என் தங்கை மகன் கோலுக்குப் பின்னால் சென்று, கயிறு கட்டியிருந்த மூங்கில் முளையைப் பிடுங்கி, கோல்காப்பாளனைப் பின்புறமிருந்து அடித்தான். அதன் பிறகே கூட்டம் உள்ளே ஓடியது. பத்து நிமிடம் இரு பக்கமும் அடித்துக்கொண்டனர். முதுநகரார் அடிக்கவில்லை என்று கூறமாட்டேன். எங்கள் அணியில் மூவருக்கு மண்டை உடைந்தது. ஆனால் கைப்பேசிகள் முதல் அடி விழுந்த பிறகே உயர்ந்தன. ஓடி வந்தவர்களை அவை படம் பிடித்தன. எதற்காக ஓடி வந்தார்கள் என்பதை எந்தக் கைப்பேசியும் பிடிக்கவில்லை.

அன்று மாலை நான் வழக்கம்போல் செய்திக்குறிப்பு எழுதினேன். அதனைச் சொல்லுக்குச் சொல் இங்கே தருகிறேன். ‘வெற்றிக்களிப்பில் முதுநகர்ப் படையினர் இறைமுழக்கத்தோடு களத்தினுள் வெள்ளமெனப் பாய்ந்தனர். கைகலப்பு மூண்டது. சிதம்பரம் வீரர்கள் தீரத்துடன் எதிர்கொண்டனர்.’ இறைமுழக்கம் என்ற சொல் கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். என் தங்கை மகனைக் காப்பாற்ற அந்தச் சொல்லழகு வசதியாக இருந்தது என்பதையும்.

மறுநாள் ஒரு நாளிதழ், ‘மத முழக்கத்துடன் பாய்ந்த படை: சிதம்பரத்தில் பதற்றம்’ என்று தலைப்பிட்டது. முதுநகர் அணியின் பச்சைச் சட்டையை ஒரு தொலைக்காட்சி வட்டமிட்டுக் காட்டியது. இந்தச் சட்டையை அனுப்பியது யார், எந்த நாடு என்று நான்கு பேர் ஒரு மணிநேரம் கத்தினர். ஐயா, அந்தச் சட்டை முதுநகர்த் தையற்கடை ஒன்றில் தைத்தது. பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பச்சை அணிப் பிள்ளைகளுக்காக வாங்கி மிஞ்சிய துணி. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொண்டிருக்கலாம். எவரும் அழைக்கவில்லை. ‘விளையாட்டுத் திடலில் வேற்றுநாட்டு நிழலா?’ என்று கேள்விக்குறியைப் போட்டுவிட்டால், பொய்க்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று அந்தத் தொழிலில் எவரோ கற்றுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கேள்விக்குறி எத்தனை வீடுகளின் கழுத்தில் தூண்டிலாக மாட்டும் என்று கற்றுக் கொடுக்கவில்லை.

ஆறு பேர் கைதாயினர். ஆறு பேரும் முதுநகர். தலையில் ஏழு தையல் போட்டிருந்த கோல்காப்பாளனும் அவர்களில் ஒருவன். பிணையில் வெளிவர ஒன்பது நாளாயிற்று. வழக்கு இருக்கும்வரை காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கிடைக்காது. சான்று இல்லாமல் விசா இல்லை.

அவன் வெளிவந்த மறுநாள் நண்பகலில் ஆஸ்திரேலியா பாய் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. நாற்காலியில் அமராமல் நின்றபடியே நாளிதழை என் மேசையில் விரித்து, டேப்பை அதன்மேல் வைத்தார்.

“நாப்பத்தெட்டு சென்டி. இதுல பதினொன்னு உங்களுது.”

என் குறிப்பிலிருந்து எடுத்த வரிகளின் கீழ் பென்சில் கோடு இருந்தது.

“அவுங்க மாத்திட்டாங்க பாய். நான் இறைமுழக்கம்னுதான் எழுதினேன். மத முழக்கம்னு எழுதல.”

“அந்தப் புள்ள தலையில ஏழு தையல். அது எந்த முழக்கத்துல கிழிஞ்சிச்சு?”

நான் தேநீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“கைகலப்பு மூண்டதுன்னு எழுதியிருக்கீங்க. அதாவே மூண்டுச்சா, இல்ல எவனாவது மூட்டினானா? நான் அந்தக் கோடியில நின்னேன், கூட்டம் மறச்சிடுச்சு. அடிச்சவன் மூஞ்சி பையனுக்கும் தெரியல. நீங்க கோல் பக்கத்துல நின்னீங்க. உங்களுக்குத் தெரியும்.”

“பாய், அது வந்து...”

“எனக்குச் சொல்ல வேணாம். ரெண்டு லெட்டரு எழுதுங்க. ஒண்ணு பேப்பருக்கு, ஒண்ணு இன்ஸ்பெக்டருக்கு. யாரு மொதல்ல அடிச்சா, நீங்க இன்னா பாத்தீங்க, அது போதும். படை வேணாம், வாளு வேணாம். பையனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது.”

யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். அவர் தேநீரைத் தொடாமல் சென்றார்.

அன்று மாலையே என் தங்கை கீரப்பாளையத்திலிருந்து வந்துவிட்டாள். எவரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் மகன் காவலர் தேர்வில் உடற்தகுதிச் சுற்றுவரை வந்திருந்தான்.

“அண்ணே, ஒரு கேஸு விழுந்தா அவன் கத முடிஞ்சிது. எழுதப் போறியா?”

“அந்தப் பையனுக்கும் வேல இருக்குதும்மா.”

“அவுங்க வூட்டுப் புள்ளைங்க எப்படியும் வெளிநாடு போய்க்கும். இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம். நம்ம புள்ளைக்கு வயசு வரம்பு இருக்குதுண்ணே.”

அவள் கெட்டவள் அல்லள். தன் பிள்ளைக்காகப் பேசினாள். ஆனால் ‘அவுங்க வூட்டுப் புள்ளைங்க’ என்று அவள் சொன்னபோது, அந்த நாளிதழ் எழுதியதற்கும் என் வீட்டுக் கூடத்தில் பேசப்படுவதற்கும் வேறுபாடு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் தலையசைத்தேன்.

கழகத்து இளைஞர்கள், “மாமா, நீங்க லெட்டரு குடுத்தா நாங்க ஜெர்சியக் கழட்டி வெச்சிடுவோம்,” என்றனர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் மைதானத்து வாயிலில் வந்து நின்றார். நான் பின்வழியாக வெளியேறினேன். அதற்கடுத்த செவ்வாயும் நின்றார். நான் அன்றும் பின்வழியாகச் சென்றேன். அறுபத்து நான்கு வயதில், வேலியில் இருந்த சந்துக்குள் உடம்பை நுழைத்துச் சென்றேன். அவர் கூப்பிடவில்லை. ஒருவரிடமும் என்னைக் குறை கூறவும் இல்லை.

இடையில் அவர் நாளிதழின் கடலூர் அலுவலகத்துக்குப் பலமுறை சென்றிருக்கிறார். அதே பக்கத்தில் அதே நாற்பத்தெட்டு சென்டிமீட்டருக்கு மறுப்புப் போடும்படி கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர், “நாங்களாவா எழுதினோம்? சிதம்பரம் கிளப் செக்ரட்டரி அனுப்பினது. அவரு மாத்தி எழுதித் தரட்டும், பாக்கலாம்,” என்றாராம். என் பெயர் அவர்களுக்குக் கேடயமாயிற்று. அவர்கள் எனக்குக் கேடயமாக இருந்தனர். நடுவில் ஓர் இளைஞனின் நாட்கள் குறைந்துகொண்டிருந்தன.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வாயிலில் எவரும் நிற்காததைக் கண்டபோதுதான் எனக்கு அச்சம் பிறந்தது. வீட்டுக்குச் சென்று இரண்டு கடிதங்களையும் எழுதினேன். அன்றே பேருந்தேறி முதுநகருக்குச் சென்றேன். அவர் மைதானத்தில் தனியே சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டிருந்தார். கடிதங்களை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றபடியே இரண்டையும் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க,” என்றார். “நேத்து அந்த வேலைக்கு வேற ஆள எடுத்துட்டாங்க.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“கொஞ்சம் நகுந்துக்கோங்க கண்டக்டரே. கோட்ட மிதிக்கறீங்க.”

அவ்வளவே. திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

ஆனாலும் அந்தக் கடிதங்களைக் கொண்டுபோய் உரிய இடங்களில் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து நாளிதழின் பத்தாம் பக்கத்தில், சான்றிதழ் தொலைந்தோர் அறிவிப்புகளுக்கும் ஏல அறிவிப்புக்கும் இடையில், ‘சிதம்பரம் கால்பந்துப் போட்டி குறித்து வெளியான செய்தியில் சில விவரங்கள் முழுமையாக இடம்பெறவில்லை எனத் தெரியவருகிறது’ என்று ஒரு வரி வந்தது. எந்த விவரம், யாரைப் பற்றியது, ஒன்றும் இல்லை. மூன்று சென்டிமீட்டர். தொலைக்காட்சி அதையும் செய்யவில்லை. கத்திய நால்வரில் ஒருவர் இன்றும் நாள்தோறும் வேறு ஊர், வேறு பிள்ளைகளைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார். வழக்கு இரண்டாண்டு இழுத்துத் தள்ளுபடியாயிற்று. அது செய்தியாகவே வரவில்லை. என் கடிதத்தின்மேல் எந்த விசாரணையும் நடக்கவில்லை. என் தங்கை மகன் காவலராகிவிட்டான். சீருடையில் வந்து என் காலில் விழுந்தான். நான் வாழ்த்தினேன், ஐயா. வாழ்த்திய கை இதுதான்.

ஐயா, அம்மையீர், எனக்குச் சினம் ஆறவில்லை. ஆஸ்திரேலியா எங்கே, சிதம்பரம் எங்கே. கடல் கடந்து ஒரு நாட்டில் ஒரு தாய் மேசைமேல் டேப்பை வைத்துச் சொன்ன சொல்லை, இங்கே ஒரு தாய் சொல்லாமல் சுமக்க வேண்டியதாயிற்று. கோல்காப்பாளனின் தாயார் என்னிடம் வந்து எதுவும் கேட்டதில்லை. மீன் அங்காடியில் ஒருமுறை எதிர்ப்பட்டபோது, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைக் கடந்து போனார். நான் அவருக்கு வழிவிடக் கூட மறந்து நின்றேன்.

ஆஸ்திரேலியா பாய் அதற்குப் பிறகும் என்னோடு பேசினார். எப்போதும்போல் பேருந்து நேரம், மழை, முழங்கால் வலி. அந்தச் செய்தியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் எடுத்ததில்லை. அவர் பெருந்தன்மையாளர் என்று நான் எண்ணிக்கொண்டேன். இப்போது அவ்வாறு தோன்றவில்லை. என்னிடம் கேட்பதற்கு இனி எதுவும் இல்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

சென்ற ஆண்டு அவர் மாரடைப்பால் காலமானார். முதுநகருக்குச் சென்றேன். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து, உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து சென்றனர். முன்பக்கம் சுமந்தவர்களில் அந்தக் கோல்காப்பாளனும் இருந்தான். அவன் இப்போது துறைமுகத்தில் ஐஸ் ஆலையில் பொறி பார்க்கிறான். பிடரியில் தழும்பு தெரிந்தது. அடக்கம் முடிந்து எல்லாரும் வெளிவரும்வரை நான் கபரஸ்தான் வாயிலில் நின்றேன். அவன் என் அருகில் வந்தான்.

“கண்டக்டர் மாமா, இவரப் பத்திப் பேப்பருக்கு எழுதி அனுப்பப் போறீங்களா?”

“ஆமாம்பா. நாலு வரியாவது போடணும். பெரிய மனுசன்.”

“வேணாம். அவரப் பத்தி நீங்க ஒண்ணும் எழுத வேணாம்.” அவன் குரலில் சினம் இல்லை. “அந்த லெட்டர நானும் படிச்சேன். பின்னாலேர்ந்து அடிச்சான்னு எழுதியிருந்தீங்க. நான் அப்ப எப்படி இருந்தேன்னு எழுதல. நீங்க பாத்தீங்க. அத எழுதுங்க, போதும்.”

ஓராண்டாக எழுத இயலவில்லை. அவரைப் பற்றி எழுத வேண்டாம் என்றதை மீறிவிட்டேன்; அவரில்லாமல் இதற்கு வந்து சேர எனக்கு வழி தெரியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பந்தைத் தடுத்த பிறகு அவன் ஓடவில்லை. கூவவில்லை. கோல் கோட்டின்மேல் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். அவர்கள் அதை சஜ்தா என்பார்கள். இறைவனுக்கு நன்றி கூறுவது. அவன் கண்கள் மூடியிருந்தன. அந்த நிலையில் அவன் பிடரியில் என் தங்கை மகன் மூங்கில் முளையால் அடித்தான். நான் பத்தடி தொலைவில் நின்றேன். அவன் முளையைப் பிடுங்கியதும் தெரிந்தது, எங்கே போகிறான் என்பதும் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். நான் கூப்பிடவில்லை. எங்கள் அணி தோற்றிருந்தது.

இதில் கூட்டியது ஒன்றுமில்லை. இந்தத் தாளை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.